நான்கு பேர், ஒரு ஆர்15: பெண்கள் ரேஸ் டீமை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பீளமேடு_ரைடர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கோவையில் நான்கு பெண்கள். நான் ஒரு பம்பு கம்பெனியின் மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். ஒருத்தி பிசியோதெரபி முடித்தவள், ஒருத்தி வங்கியில் வேலை, சின்னவள் கல்லூரியில் கடைசி வருடம். நால்வரும் ரோட்டில் நன்றாக ஓட்டுவோம். ட்ராக் என்றால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஒரு ட்ராக் டே போனதோடு சரி. அன்றிலிருந்து இந்த ஆசை பிடித்துக்கொண்டது.

தேசிய பைக் ரேஸ் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவில் இறங்க வேண்டும். தனித்தனியாகப் போய் நிற்காமல் ஒரே பெயரில், ஒரே பிட்டில் (ட்ராக் ஓரம் வண்டியைத் தயார் செய்யும் இடம்), மெக்கானிக் முதல் மேனேஜர் வரை பெண்களாகவே இருக்கும் ஒரு டீமாக. கையில் ஒரு செகண்ட் ஹேண்ட் யமஹா ஆர்15 பைக் இருக்கிறது. நால்வரும் சேர்த்த பணம் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஸ்பான்சர் இல்லாமல் இறங்காதீர்கள் என்கிறார்கள். ஸ்பான்சரிடம் போனால் இதுவரை என்ன ஜெயித்தீர்கள் என்று கேட்கிறார்கள். இந்தப் பணத்தை முதலில் எதில் போடுவது? வீட்டிலும் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பிட்வால்_அக்கா:

தங்கச்சி, ஸ்பான்சர், டீம் பெயர், லோகோ, டி-ஷர்ட் எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குத் தள்ளி வை. நான் பெண்கள் பிரிவில் சில சீசன் ஓட்டியவள், இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிட்டில் நின்று மற்றவர்களின் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன். ஆசையாக ஆரம்பித்துப் பாதியில் நின்ற டீம்கள் என் கண்ணெதிரே நிறைய. எல்லாவற்றுக்கும் கதை ஒன்றுதான். ரேஸுக்கு ரேஸ் நேரே வந்து இறங்குவார்கள், நடுவில் ட்ராக் ஓட்டமே இருக்காது. கடைசியில் முடிப்பார்கள். இரண்டு ரவுண்டில் மனம் விட்டுப்போகும், அப்புறம் வண்டி விற்பனைக்கு வரும்.

அதனால் உங்கள் பணத்தில் பாதியை ட்ராக் நேரத்துக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கிவிடுங்கள். மீதியில் பெரும்பங்கு கியருக்கு. வண்டிக்குக் கடைசி இடம். ஆர்15-ஐ வேகமாக்க ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். ஸ்டாக் பிரிவில் (கம்பெனி வண்டியைப் பெரிதாக மாற்றாமல் ஓட்டும் பிரிவு) என்ஜினுக்குள் கை வைக்க விடமாட்டார்கள். எதை மாற்றலாம், எதைக் கழற்றலாம் என்பதெல்லாம் அந்தந்த வருட விதிப்புத்தகத்தில் இருக்கும். நால்வரும் உட்கார்ந்து வரிக்கு வரி படியுங்கள்.

எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸ் இல்லாமல் கிரிட்டில், அதாவது ரேஸ் தொடங்கும் வரிசையில், நிற்க முடியாது. மருத்துவச் சான்று, பயிற்சிப் பள்ளிச் சான்று இரண்டும் தயாராக இருக்கட்டும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

உங்களுக்குக் கரி பக்கத்திலேயே இருப்பது பெரிய வரம். ஆனால் கரி 2.1 கிலோமீட்டர். இங்கே இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர், 12 வளைவு. சின்ன ட்ராக்கிலேயே பழகியவர்கள் இங்கே வந்ததும் மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவில், சி1 (முதல் வளைவு) வருவதற்கு வெகு முன்னாலேயே த்ராட்டிலை மூடிவிடுவார்கள். பயம் போக லேப்தான் (ட்ராக்கை ஒரு முழுச் சுற்று ஓட்டுவது) மருந்து. ரேஸ் வாரத்துக்கு முன்பே ஒருமுறையாவது இங்கே ப்ராக்டிஸுக்கு வாருங்கள்.

கியர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். கடையில் தொங்கும் லெதர் சூட் பெரும்பாலும் ஆண்கள் அளவு. நமக்குத் தோளில் தொங்கும், இடுப்பிலும் தொடையிலும் பிடிக்கும். கண்ணாடி முன்னால் நின்று பார்த்து வாங்காதீர்கள். வண்டி மேல் ஏறி, டேங்கில் நெஞ்சு படக் குனிந்து உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவளை முட்டிக்கு உள்ளே இருக்கும் பேடைப் பிடித்துப் பக்கவாட்டில் திருகச் சொல்லுங்கள். பேட் நகர்ந்து முட்டியின் ஓரத்துக்குப் போனால் அந்தச் சூட் வேண்டாம். விழுந்து வழுக்கும்போதும் அது அப்படியே நகரும், அப்புறம் தார் ரோட்டில் தேய்வது உங்கள் முட்டி எலும்பு. தோள், முழங்கை பேடுக்கும் இதே சோதனைதான். அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வது கொஞ்சம் கூட ஆகும், ஆனாலும் அதைத்தான் செய்யச் சொல்வேன். சூட்டையும் ஹெல்மெட்டையும் பங்கு போட்டுக்கொள்ளவே கூடாது. ஹெல்மெட்டின் உள் ஃபோம் ஒருவர் தலைக்குப் படிந்துவிடும், அடுத்தவருக்கு லூஸாகும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று. வெயிலில் ஒற்றைப் பீஸ் லெதர் சூட்டைக் கழற்றி மாட்டுவதே பெரிய வேலை. மாதவிடாய் நாளில் இன்னும் கஷ்டம். பேடாக்கில் (டீம்கள் தங்கும் இடம்) துணி மாற்ற நமக்கென்று இடம் இருக்கும் என்று நம்பி வராதீர்கள். நான்கு பக்கமும் மறைப்புள்ள மடக்குக் கூடாரம் ஒன்று, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு பக்கெட், நிறையத் தண்ணீர், ஓஆர்எஸ். டூல் பாக்ஸுக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

கடைசியாக, கேட்கக் கஷ்டமான ஒன்று. ஒரு வண்டியில் ஒரு ரேஸுக்கு ஒருத்திதான் ஓட்ட முடியும். முதல் சீசனில் நால்வரும் ஓட்டுவது நடக்காது. யார் ஓட்டுவது, யார் பிட்டில் நிற்பது என்பதை இப்போதே, நட்பு நன்றாக இருக்கும்போதே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிபாளையம்_ட்யூனர்:

அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க, நான் வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன் அம்மிணி.

மிரர், ஹெட்லைட், இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு, நம்பர் பிளேட் எல்லாம் கழற்றணும். கூலண்டைச் சுத்தமா வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊத்துங்க. கூலண்டில் இருக்கும் கிளைக்கால் ட்ராக்கில் சிந்தினால் பின்னால் வருகிற பத்துப் பேரை வழுக்கிவிடும். அடியில் எண்ணெய் தேங்குகிற மாதிரி பெல்லி பேன் போடணும்.

நீங்க மெஷின் ஷாப் ஆள் என்றதும் எனக்குச் சந்தோஷம். ஆயில் ட்ரெயின் போல்ட், ஃபில்லர் மூடி, ஆயில் ஃபில்டர் கவர் போல்ட் எல்லாவற்றிலும் தலையில் சின்ன ஓட்டை போட்டு, கழன்றுவிடாமல் இருக்க லாக் வயர் கட்டணும். ஸ்க்ரூட்டினியில் (ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிப்பது) முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது அதைத்தான். போல்ட் தலையின் மூலையில் சாய்வா ஓட்டை போடுறப்போ 1.5 எம்எம் ட்ரில் பிட் சறுக்கிச் சறுக்கி உடையும். முதலில் சென்டர் பஞ்ச் அடித்து, நேரா கொஞ்சம் இறக்கிவிட்டு அப்புறம் சாய்க்கணும். வயரை முறுக்கிக் கட்டும்போது, போல்ட் தளர நினைத்தால் வயர் அதை இறுக்குகிற பக்கமா இழுக்கணும். மாற்றிக் கட்டினால் கட்டியும் பிரயோஜனம் இல்லை. பசங்களிலேயே பாதிப் பேர் இதைச் சரியாகக் கட்டமாட்டாங்க.

ஸ்பேர் என்றால் கிளட்ச் லீவர், பிரேக் லீவர், இரண்டு பக்க ஹேண்டில்பார், ஃபுட்பெக், கியர் லீவர். லேசாக விழுந்தாலே போவது இவைதான். மதியம் ரேஸ், காலையில் விழுந்தீங்க என்றால் இவை இருந்தால் மட்டும்தான் மறுபடி ஓட முடியும். பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பல் கூட இருப்பது ஒன்று, குறைய இருப்பது ஒன்று வைத்துக்கொள்ளுங்க. கரிக்குப் பொருந்துவது இருங்காட்டுக்கோட்டைக்குப் பொருந்தாது.

ஓசூர்_அப்பா:

வீட்டுச் சம்மதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் மகளும் ஓட்டுகிறாள். முதலில் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவன் நான். மனம் மாறியது ஒரு முழு நாள் ட்ராக்கில் உட்கார்ந்து பார்த்த பிறகு. எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது, எல்லோரும் ஒரே திசை. ஒவ்வொரு வளைவிலும் ட்ராக்கைக் கண்காணிக்கும் மார்ஷல் கொடியோடு நிற்கிறார். அன்று ஒரு பையன் விழுந்ததும் சிவப்புக் கொடி காட்டி மொத்த ரேஸையும் நிறுத்தினார்கள், அடுத்து ஆம்புலன்ஸ் அவன் அருகில் போய் நின்றது. பெங்களூர் ரோட்டில் இவள் தினமும் வேலைக்குப் போய்வருவதுதான் எனக்கு இப்போது பெரிய கவலை.

அதனால் அப்பா அம்மாவிடம் வாதம் பண்ணாதீர்கள். அழைத்துப் போய்க் காட்டுங்கள். இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் அவர்கள் கையில் கொடுங்கள். சாதாரண வண்டி இன்ஷூரன்ஸ் ரேஸில் நடந்ததற்குப் பணம் தராது. தனிநபர் விபத்துப் பாலிசியிலும் ரேஸை விலக்கி வைத்திருப்பார்கள், சின்ன எழுத்தில் இருக்கும். லைசென்ஸோடும் என்ட்ரியோடும் எவ்வளவு காப்பீடு வருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சோழவரம்_ரசிகன்:

சோழவரம் ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்திலிருந்து பார்க்கிறவன் நான். ஒரு சந்தேகம். பைக்குக்கு ஓட்டுகிறவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ஸ்பெயினின் ஆனா கராஸ்கோ 2018-ல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை ஆண்களோடு ஓட்டித்தான் ஜெயித்தார், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில். பிறகு எதற்குத் தனியாகப் பெண்கள் டீம், பெண்கள் ரேஸ்? பொதுப் பிரிவிலேயே இறங்கலாமே.

பிட்வால்_அக்கா:

ஐயா, அதே கராஸ்கோதான் 2024-ல் பெண்களுக்கென்று உலக சர்க்யூட் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது அதிலும் ஓட்டி முதல் பட்டத்தை வாங்கினார். எல்லோருக்கும் ஒரே யமஹா ஆர்7. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ட்ராக் கிடைத்தது. நம் ஊரில் ஒரு பெண் ட்ராக்கை முதலில் பார்ப்பதே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு. பையன்கள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மெக்கானிக் ஷெட்டில் கற்றுக்கொண்டதை இவர்கள் இருபத்தைந்தில் கற்க வேண்டியிருக்கிறது. நுழைய ஒரு கதவு வேண்டும், அதுதான் பெண்கள் பிரிவு. நம் பெங்களூர் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் பாஹா (கரடுமுரடுப் பாதை ரேஸ்) உலகக் கோப்பையைப் பெண்கள் பிரிவில்தான் வாங்கினார். அந்தப் பிரிவே இல்லையென்றால் அந்தப் பெயர் இத்தனை பெண்கள் காதுக்கு வந்திருக்காது.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதியை நானும் சொல்வேன். பெண்கள் கிரிட் சின்னது. அதிலேயே நின்றால் நெரிசலில் ஓட்டவும், பக்கத்தில் ஒருவர் முட்டிக்கொண்டு வரும்போது லைனை (ஓட்டும் பாதையை) விடாமல் இருக்கவும் பழக்கம் வராது. தங்கச்சி, நோவிஸ் (புதியவர்கள்) பிரிவில் பெண்கள் இறங்கத் தடை இல்லை. இரண்டாம் வண்டி வந்ததும் ஒருத்தியை அதில் இறக்குங்கள். இருபதாவதாக முடித்தாலும் பரவாயில்லை.

பீளமேடு_ரைடர்:

அக்கா, அண்ணா, அப்பா, ஐயா எல்லோருக்கும் நன்றி. நேற்று நால்வரும் உட்கார்ந்து படித்தோம். யார் ஓட்டுவது என்ற இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டோம். அதை எப்படி முடிவு செய்வது? அப்புறம், ஸ்பான்சரிடம் போகவே வேண்டாமா?

பிட்வால்_அக்கா:

கரியில் ஒரு நாள் புக் பண்ணுங்கள். ஒரே வண்டி, ஒரே டயர் பிரஷர், ஆளுக்குப் பத்து லேப், ஒருத்தி ஸ்டாப்வாட்சோடு. யாருடைய ஒரு லேப் வேகம் என்று பார்க்காதீர்கள். பத்து லேப்பும் யாருக்கு ஒன்றுக்கொன்று நெருக்கமாக வருகிறது என்று பாருங்கள். அவள்தான் முதல் சீசன் ரைடர். ஒரு லேப் பறந்துவிட்டு அடுத்த லேப் மூன்று வினாடி தள்ளி வருகிறவள் ரேஸில் விழுவாள், வண்டி ஒன்றுதான் இருக்கிறது.

மற்றவர்களுக்கும் உண்மையான வேலை இருக்கிறது. நீ மெக்கானிக், அதில் கேள்வியே இல்லை. பிசியோ தங்கச்சி எல்லோருடைய உடம்பையும் பார்த்துக்கொள்ளட்டும். முன்கை இறுகிப்போய் பிரேக் பிடிக்க முடியாமல் போவதுதான் புது ரைடர்களின் பெரிய தொல்லை. முட்டியால் டேங்கைப் பிடித்து, வயிற்றாலும் முதுகாலும் உடம்பைத் தாங்கக் கற்றுக்கொடுத்தால் கை தளர்ந்துவிடும். வங்கித் தங்கச்சி மேனேஜர்: என்ட்ரி கடைசித் தேதி, கணக்கு, லைசென்ஸ் காகிதம். சின்னவளை டிவிஎஸ் ஒன் மேக் (எல்லோருக்கும் ஒரே மாடல் வண்டி) பெண்கள் தேர்வுக்கு அனுப்புங்கள். அங்கே வண்டியை அவர்களே தருவார்கள், தேர்வானால் உங்கள் வண்டியைத் தொடாமலே அவளுக்கு ரேஸ் அனுபவம் கிடைக்கும்.

ஸ்பான்சரிடம் பணமாகக் கேட்காதீர்கள். கோவையில் உங்கள் தெரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆரம்பியுங்கள். ஆறு மாதத்துக்கு என்ஜின் ஆயில், இரண்டு செட் பிரேக் பேட், ஒரு செயின். போகும்போது லேப் நேரம் எழுதிய நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். முதல் மாதமும் மூன்றாம் மாதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பேச்சே தேவைப்படாது. இன்னொன்று, போட்டோ, விளம்பரம் என்று யார் கேட்டாலும் எத்தனை நாள், எங்கே, எதற்கு என்பதை எழுதி வாங்குங்கள். ரேஸ் நாளன்று காலை மூன்று மணி நேரம் வண்டி அருகே போஸ் கொடுக்க வைத்து, வார்ம்-அப் ஓட்டத்தையே தவறவிட வைத்த ஸ்பான்சர் ஒருவரை எனக்குத் தெரியும்.

முதல் ரவுண்டுக்கு முன்னால் ஒரு ரேஸ் வார இறுதியில் மார்ஷலாகத் தன்னார்வத்துக்குப் பெயர் கொடுங்கள். கொடிகளெல்லாம் மனதில் பதியும், வளைவில் யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்று நேரில் நின்று பார்க்கலாம்.

செட்டிபாளையம்_ட்யூனர்:

கரி டைமிங்குக்கு நானும் வர்றேன் அம்மிணி, வயர் ட்விஸ்டர் ப்ளையர் என்னிடம் இருக்கு. ட்ரெயின் போல்ட் மட்டும் புதுசா இரண்டு வாங்கிட்டு வாங்க, முதல் ஓட்டை எப்படியும் கோணலாத்தான் வரும்.

பீளமேடு_ரைடர்:

வாங்கிவிடுகிறேன் அண்ணா. தேதி கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன். அப்பாவையும் அழைத்து வருகிறேன்.