யூரின்ல நுரை, பயாப்ஸில மெம்ப்ரேனஸ்: எல்லாருக்கும் பெட் ஸ்கேன் வேணுமா?

காசிமேடு_கருணா:
எங்க மாமாவுக்கு அறுபது தாண்டிடுச்சு, காலு ரெண்டும் வீங்கி, யூரின்ல நுரை, பயாப்ஸில (கிட்னில துளி சதை எடுத்துப் பாக்குறது) மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதின்னு, அதாவது கிட்னி ஃபில்டர்ல ஆன்டிபாடி படிஞ்சு யூரின்ல புரோட்டீன் ஒழுகுற நோய்னு வந்துகீது. நான் படிச்சதுல கிட்னி ஃபில்டர்ல இருக்குற புரோட்டீன் சில கேன்சர் கட்டிலயும் இருக்குமாம், ஒடம்பு கட்டிய எதிர்த்து ஆன்டிபாடி செய்ய அது நேரா போய் கிட்னிய அடிக்குதாம். அதனால மெம்ப்ரேனஸ் வந்த எல்லாருக்கும் மொதல்ல ஒடம்பு பூரா கேன்சர் தேடுற பெட் ஸ்கேன், டாக்டர் வேணாம்னாலும் கேட்டு எடுங்கன்றேன்.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
தம்பி, நான் பயாப்ஸி ஸ்லைடுக்கு ஸ்டெயின் போட்டு, எந்த புரோட்டீன் இருக்குன்னு சாயத்துல காட்டுற வேலைதான் பாக்குறேன். நீ சொல்ற அந்த வழி நெஜம். டிஎச்எஸ்டி7ஏன்னு ஒரு புரோட்டீன், 2014ல கண்டுபிடிச்சாங்க, ஃபில்டர்ல கால் விரிச்சு நிக்கிற போடோசைட் செல்லுல இருக்கு. 2016ல பித்தப்பை கேன்சர் வந்த ஒரு அம்மாவோட கட்டிலயே அது இருந்துச்சு, கீமோ குடுத்ததும் ஆன்டிபாடி போச்சு, யூரின்ல புரோட்டீனும் கொறஞ்சுது. ஆனா இந்த வகை மெம்ப்ரேனஸ்ல ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான். பெரும்பாலானவங்களுக்கு, சுமார் 70 சதவீதம், 2009ல கண்டுபிடிச்ச பிஎல்ஏ2ஆர்ன்ற இன்னொரு போடோசைட் புரோட்டீன எதிர்க்கிற ஆன்டிபாடிதான் காரணம். அதுக்கு ரத்தத்துலயே டெஸ்ட் இருக்கு. அத பாக்காம பெட் ஸ்கேனுக்கு ஏன் ஓடணும்?

காசிமேடு_கருணா:
பிஎல்ஏ2ஆர் பாசிட்டிவ் வந்தா கேன்சரே இருக்காதுன்னு கேரண்டி குடுப்பீங்களா அக்கா? வயசானவருக்கு ரிஸ்க் எடுக்க சொல்றீங்க.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
கேரண்டி யாரும் குடுக்க முடியாது. அதனாலதான் வயசுக்கு ஏத்த சோதனை எல்லாருக்கும் செய்வாங்க, நெஞ்சு எக்ஸ்ரே, மலத்துல ரத்தம், பொம்பளைங்களுக்கு மேமோகிராம் இப்பிடி. அத வேணாம்னு நான் சொல்லல. எடுத்த ஒடனே பெட்டுன்றதுதான் தப்பு. இன்னொன்னு, கட்டில அந்த புரோட்டீன் இருக்குறதே பெரிய விஷயம் இல்ல. டிஎச்எஸ்டி7ஏ பல வகை கட்டில தெரியும், ஆனா அவங்க எல்லாருக்குமா கிட்னி கெடுது? ஒடம்பு அத எதிரின்னு நெனச்சு ஆன்டிபாடி செஞ்சாத்தான் வம்பு.

பெரம்பூர்_பயோ:
நான் ஒத்துக்க மாட்டேன். ஃபில்டர் புரோட்டீன் கிட்னிக்கு மட்டும் சொந்தம். வேற எடத்துல தெரிஞ்சா கிட்னில இருந்து பரவுனதுன்னுதான் அர்த்தம், ஸ்கேன் எடுத்தே ஆகணும்.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
ஐயோ சார், இத நம்பி யாரும் ரிப்போர்ட் படிச்சிடாதீங்க!! நெஃப்ரின்ற ஃபில்டர் புரோட்டீன் 1998ல ஃபின்லாந்து குழந்தைங்களோட பொறவி நோய்ல இருந்து தெரிய வந்துச்சு, ஃபில்டர் இடுக்குக்கு அதான் முக்கியம், ஆனா கணையத்துல இன்சுலின் செய்ற செல்லுலயும் பாத்திருக்காங்க. சினாப்டோபோடின்னு இன்னொரு போடோசைட் புரோட்டீன் மூளைலயும் இருக்கு. அதே மாதிரி போடோகேலிக்ஸின் ரத்தக் குழாய் உள்பக்கம் பூரா இருக்கு. டபிள்யூடி1ன்ற புரோட்டீன் போடோசைட்ல ஜம்முன்னு ஸ்டெயின் ஆகும், அதே ஸ்டெயின் நுரையீரல் உறைல வர்ற மீசோதீலியோமாலயும் ஓவரி கேன்சர்லயும் பாசிட்டிவ், அத வச்சுதான் நாங்க அந்த கேன்சருங்களையே கண்டுபிடிக்கிறோம். பெரியவங்களுக்கு அதிகமா வர்ற கிளியர் செல் கிட்னி கேன்சர் போடோசைட்ல இருந்து வரவே இல்ல, ஃபில்டருக்கு அப்புறம் இருக்குற ட்யூபியூல்ன்ற சின்ன குழாய்ல இருந்து வருது. கிட்னி கேன்சருக்கே ஃபில்டர் புரோட்டீன் அடையாளம் இல்லன்றப்ப, வேற கட்டில தெரிஞ்சா கிட்னில இருந்து வந்துச்சுன்னு எப்படி சொல்றீங்க?

பெரம்பூர்_பயோ:
ஸ்டெயின்ல நீங்க போடுற ஆன்டிபாடி தப்பா ஒட்டிருக்கலாமே. ஒரு ஸ்டெயின நம்பி பேசாதீங்க.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
அது நல்ல கேள்வி. எந்த புரோட்டீன் ஒடம்புல எங்க இருக்குன்னு காட்டுற, ஸ்வீடன்ல 2003ல ஆரம்பிச்ச ஹியூமன் புரோட்டீன் அட்லஸ்ல அதுக்குத்தான் ஒரே புரோட்டீனுக்கு ரெண்டு வேற ஆன்டிபாடி போட்டு, அந்த புரோட்டீன செய்ய செல்லு எழுதுற குறிப்பான ஆர்என்ஏ அளவோட ஒத்துப் பாக்குறாங்க. டபிள்யூடி1 சமாச்சாரம் ஒரு ஸ்டெயின் கத இல்ல, டெய்லி பாக்குறது.

காசிமேடு_கருணா:
சரி, மெம்ப்ரேனஸ்ல நெல்-1னு இன்னொரு புரோட்டீன் சொல்றாங்களே, அதுல கேன்சர் அதிகம்தானே? அப்ப என் பேச்சு சரிதான்.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
நெல்-1ல கேன்சர் தேடணும், அது சரி, அமெரிக்கா ஆய்வு ஒன்னுல சுமார் மூணுல ஒருத்தருக்கு இருந்துச்சு. ஆனா நம்மூர்ல வேற காரணம் ஒன்னு இருக்கு. 2022ல வேலூர் டாக்டருங்க எழுதினாங்க, நெல்-1 வந்த பல பேர் பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்ட்டவங்க, அத நிறுத்துனதும் நெறைய பேருக்கு சரியாச்சு. மாமா ஏதாவது பஸ்பம், செந்தூரம் சாப்ட்டாரா?

வியாசர்பாடி_மூலிகை:
சித்த மருந்தே விஷம்னு சொல்லாதீங்க, எங்க தாத்தா காலத்துல இருந்து சாப்பிடுறோம். சுத்தி செஞ்ச மருந்து வேற, கடைல பேரே இல்லாம பொட்டலத்துல விக்கிறது வேற.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
எல்லா மருந்தையும் சொல்லல அண்ணே. என்ன கலந்திருக்குன்னு தெரியாத பொட்டலத்த கால் வீங்குனவர் நிறுத்தணும், பொட்டலத்த டாக்டர்கிட்ட கொண்டு போய் காட்டணும்.

காசிமேடு_கருணா:
முட்டி வலிக்கு மாமா ஒரு செந்தூரம் சாப்டுறாரு, அத இன்னைக்கே நிறுத்த சொல்றேன். ஆனா பெட் ஸ்கேன் விஷயத்துல நான் எறங்கி வரல, வயசான மனுஷனுக்கு தேடாம விட்டு அப்புறம் அழறத விட தேடிடறது மேல்.

கொருக்குப்பேட்டை_லேப்அக்கா:
தேடுங்க, ஆனா பயாப்ஸி ரிப்போர்ட்ட எடுத்து எந்த புரோட்டீன்னு எழுதிருக்கான்னு மொதல்ல பாருங்க. எழுதலன்னா பயாப்ஸி சதைய மெழுகுல வச்சிருக்குற ப்ளாக்க வாங்கி பிஎல்ஏ2ஆர், நெல்-1 ஸ்டெயின் போடச் சொல்லலாம், மறுபடி குத்த வேண்டியதில்ல.