வெள்ளைக்கல் கரட்டு மண்ணில் மக்காச்சோளம் தேறவில்லை: நுண்ணுயிர் உரம் உதவுமா?

கரட்டோரத்தான்:
சேலம் கருப்பூர் பக்கம், வெள்ளைக்கல் கரட்டை ஒட்டி எங்களுக்கு 60 சென்ட் மேட்டுக்காடு இருக்கிறது. சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் அதன் கீழ்க்கோடியில்தான் தேங்கும். அங்கே மக்காச்சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் நீளம்கூட இல்லை, நுனி பழுப்பேறி மொட்டையாக இருந்தது. ஆனால் முன்பு எருக்குழி இருந்த இடத்தில் அதே விதை மார்பளவு வளர்ந்திருக்கிறது. மண்ணில் உள்ள நிக்கலையும் குரோமியத்தையும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா உரம் தின்றுவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். நம்பலாமா?

மண்வாசி:
நம்ப வேண்டாம், ஐயா. உலோகம் தனிமம், அதைச் சிதைத்து இல்லாமலாக்க எந்த பாக்டீரியாவாலும் முடியாது. கரட்டின் டியூனைட் பாறையிலேயே நிக்கலும் குரோமியமும் இருக்கின்றன.

பாக்டீரியா செய்யும் உதவி வேறு. உலோகத்தால் திணறும் செடி எத்திலீனை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. காயைப் பழுக்கவைக்கும் அதே எத்திலீன்தான் வேர் நீள்வதை நிறுத்துகிறது. வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள், எத்திலீனுக்கு மூலப்பொருளான ஏசிசி என்னும் அமினோ அமிலத்தை ஏசிசி டீஅமினேஸ் என்ற நொதியால் உடைத்துத் தமக்கு உணவாக்கிக்கொள்வதால், வேர் மறுபடி நீளத் தொடங்குகிறது. 1998இல் கனடாவில் பெர்னார்டு கிளிக் குழுவினர், நிக்கல் கலந்த சூழலில் வளர்த்த கனோலா என்னும் எண்ணெய்வித்துச் செடிகளில் இதைச் சோதித்தார்கள். வளர்ச்சி தேறியது, ஆனால் செடிக்குள் சேர்ந்த நிக்கலின் அளவு குறையவில்லை. கடைக்காரர் சொல்லாத பாதி இதுதான்.

அடிவாரத்தார்:
இலை வெளுப்பு இரும்புக் குறையாக இருக்கலாம். சூடோமோனாஸ் போன்றவை சிடரோஃபோர் என்னும் பொருளைச் சுரந்து மண்ணின் இரும்பைப் பற்றிக் கரைத்துத் தருகின்றன. செடியும் அதில் பங்கு பெறுகிறது. சில பாக்டீரியாக்கள் நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியத்தை எளிதில் கரையாத மூவிணைதிற வடிவுக்கு மாற்றவும் செய்யும். உங்கள் எருக்குழி இடம் தேறியதற்கும் வியப்பில்லை: மக்கிய எரு உலோகத்தைப் பிடித்துவைக்கிறது, பாக்டீரியாவுக்கும் சோறு போடுகிறது. எருவில்லாமல் பொட்டலத்தை மட்டும் தூவினால் பணம்தான் வீண். ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ மக்கிய எருவில் கலந்து போடுவது வழக்கம். பூஞ்சைக்கொல்லியோடு சேர்க்காதீர்கள். இந்த மண்ணில் மக்னீசியம் மிகுந்து சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கும் என்பதால் ஜிப்சத்தையும் மறக்க வேண்டாம்.

கரட்டோரத்தான்:
அப்படியானால் செழித்த மக்காச்சோளத் தட்டையை மாட்டுக்குப் போடலாமா?

மண்வாசி:
இப்போதைக்கு வேண்டாம், செடி செழித்தாலும் உள்ளே நிக்கல் இருக்கலாம். மண்ணையும் தட்டையையும் நிக்கல், குரோமியத்துக்கென்று தனியாகக் கேட்டுச் சோதியுங்கள். வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் இவை வராது. முடிவு வரும்வரை கீழ்க்கோடியில் பருத்தியோ சாமந்தியோ வைத்துவிட்டு, மக்காச்சோளத்தை மேல்பக்கம் ஏற்றிக்கொள்ளுங்கள்.