உதவி: ஆங்கில ‘வாஸ்’ (was), ‘வேர்’ (were) — ஒரே வினையில் ஸ் எப்படி ர் ஆனது?

கேள்வி:
வணக்கம். ஒரு வருடமாக ஜெர்மன் படிக்கிறேன். ஆங்கிலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’. ஜெர்மனில் ‘வார்’ (இருந்தேன்), ‘வாரன்’ (இருந்தோம்), ஆனால் ‘இருந்திருக்கிறேன்’ என்பதில் ‘கெவேஸன்’. காரணம் தேடித் தேடி தொல்-ஜெர்மானிய (ஆங்கிலம், ஜெர்மன் இரண்டுக்கும் மூதாதை மொழி) *வெஸனன் (இருத்தல்) வரை வந்துவிட்டேன். அங்கே ‘இருந்தேன்’ என்பது *வஸ், ‘இருந்தோம்’ என்பது *வேஃஸும் (ஃஸ என்பது ஜீப்ராவின் முதல் ஒலி). ரகரமே இல்லை! அச்சுப்பிழையா? முன்னால் நட்சத்திரக்குறி வேறு.

பதில் 1:
பிழை இல்லை, அந்த ஃஸ தான் உங்கள் விடை. நட்சத்திரம் என்றால் எழுத்துச் சான்று கிடையாது, பிற்கால மொழிகளை ஒப்பிட்டு மீட்டது என்று பொருள்.

அதற்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் இந்த இறந்தகால வடிவத்தின் ஒருமையில் உச்சரிப்பு அழுத்தம் சொல்லின் வேர்ப்பகுதியின்மேல் விழுந்தது, பன்மையில் விகுதியின்மேல். அழுத்தமில்லாத அசைக்குப் பின் வந்த ஸ் அதிர்ந்து ஃஸ ஆனது. 1875-இல் இதைக் கண்டுபிடித்தவர் டென்மார்க்கின் மொழியியலாளர் கார்ல் வெர்னர். நம் ‘பகல்’ என்ற சொல்லில் ககரம் இடம் பார்த்து மெலிகிறதே, அங்கே அழுத்தம் பார்த்து மெலிந்தது. பிறகு அழுத்தம் எல்லாச் சொற்களிலும் முதல் அசைக்கே போய்விட்டது. காரணம் மறைந்தது, விளைவு தங்கிவிட்டது. அப்புறம் ஜெர்மானிய மொழிகளின் வடக்கு, மேற்குக் கிளைகளில் (ஆங்கிலமும் ஜெர்மனும் மேற்கு) ஃஸ ரகரமானது.

கேட்டவர்:
மிக்க நன்றி! ஆனால் கோதிக்கில் (கிழக்குக் கிளையைச் சேர்ந்த, வழக்கொழிந்த மொழி) பன்மையும் ‘வேஸும்’ தானே?

பதில் 1:
ஆமாம், கோதிக் பன்மையை ஒருமைக்கு ஒத்ததாக மாற்றிக்கொண்டது. ஜெர்மன் நேர்மாறு: பழைய ஜெர்மனில் ஒருமை ‘வஸ்’ தான், பிறகு பன்மையின் ரகரம் அதையும் பிடித்து ‘வார்’ ஆக்கியது. ஆங்கிலமும் டச்சும் பழைய வேறுபாட்டை இன்றும் காத்து வைத்திருக்கின்றன. எனக்கு இந்த வினையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பதில் 2:
பொருளையும் பாருங்கள். மூலவேருக்குத் ‘தங்கு’ என்று பொருள். சமஸ்கிருத ‘வஸதி’ அதே வேர். நம் ‘வசிக்கிறேன்’ அங்கிருந்து வந்த கடன். தங்குவது எப்படி ‘இருத்தல்’ ஆகும் என்று தமிழருக்கு விளக்கவே வேண்டாம். ‘வீட்டிலேயே இரு’, ‘நல்லவனாக இரு’, இரண்டும் ஒரே ‘இரு’. ஆங்கில நிகழ்காலத்து ‘ஆம்’ (am), ‘இஸ்’ (is) மட்டும் வேறு வேரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை.

கேட்டவர்:
அப்படியானால் ஜெர்மன் ‘ஃபெர்லீரன்’ (இழத்தல்), ‘ஃபெர்லுஸ்ட்’ (இழப்பு) இதுவும் இதே கதையா?

பதில் 1:
அதேதான். பழைய ஜெர்மனில் ‘ஃபெர்லீரன்’ சொல்லிலும் ஸ் இருந்தது, இறந்தகாலப் பன்மையின் ரகரம் பிறகு பரவிவிட்டது. ‘ஃபெர்லுஸ்ட்’ சொல்லில் ஸ்-ஐ ஒட்டியே ட் நின்றதால் அது தப்பியது.