எந்த சைக்கிள் வாங்கறது? பினாங்கு பாயான் பாரு பிளாட் குழுவில் ஒரு வார இறுதி

[சனி, இரவு 8:06]

மாலதி: எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு போக 4.5 கிலோமீட்டர், வர 4.5. வாரத்துல 5 நாள். கையில 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு. கடையில மவுண்டன் பைக்தான் எல்லாத்துக்கும் தோதுன்னு சொல்றாங்க.

பாலா: அக்கா ரோட் பைக் எடுங்க. பறக்கும் 🚴

முருகு அண்ணன்: எடுத்துட்டு லோங்காங் (வடிகால்) மூடியில டயர் மாட்டி பறக்கட்டும். பாலா நீ கொஞ்சம் இரு. மாலா, உன் உயரம் என்ன? என்ன சாமான் தூக்குவ? மழையிலயும் போவியா? ராத்திரி சைக்கிள எங்க வைப்ப?

மாலதி: 157 செ.மீ. அண்ணே. சாப்பாட்டு டப்பா, யூனிஃபார்ம், வரும்போது பாசார்ல காய்கறி. மழை பெஞ்சாலும் ஷிஃப்டுக்குப் போய்த்தானே ஆகணும். வைக்கிறது 9-ஆவது மாடி, வீட்டுக்குள்ள. ஞாயித்துக்கிழமைல பாலிக் புலாவ் போகணும்னும் ஒரு ஆசை.

முருகு அண்ணன்: மாசத்துக்கு எத்தன ஞாயிறு?

மாலதி: ஒண்ணு... நெசமாச் சொன்னா ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு 😅

முருகு அண்ணன்: அப்ப அந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்காக சைக்கிள் வாங்காத. மீதி 40 நாளைக்கு வாங்கு.

தேவி அக்கா: 9-ஆவது மாடின்னா ஃபோல்டிங் லா. 20 இஞ்சு சக்கரம், மடிச்சா ஏறக்குறைய 80க்கு 60 செ.மீ. ஷூ அலமாரி பக்கத்துல நின்னுடும். காடி (கார்) பூட்லயும் போகும்.

சுந்தரம் மாமா: பி பிளாக் லிஃப்ட் இன்னிக்கும் ஓடல. யாராவது மேனேஜ்மெண்ட்ல சொன்னீங்களா?

மாலதி: போச்சு. அப்ப 9 மாடி தூக்கணுமே. ஃபோல்டிங் லேசா இருக்கும்ல அக்கா?

தேவி அக்கா: அதான் பலபேரு ஏமாறுற இடம். மடங்குது, ஆனா லேசு இல்ல. இந்த விலைக்கு ஃபோல்டிங்கும் 12, 13 கிலோ, ஹைபிரிடும் (ரோட் பைக்குக்கும் மவுண்டன் பைக்குக்கும் நடுவுல வர்ற வகை) 12, 13 கிலோ. கீலுக்கும் கிளாம்ப்புக்கும் தனியா இரும்பு சேருதே. தூக்கறதுக்கு ஹைபிரிட்தான் சுகம், நடு பைப்ப தோள்ல மாட்டிக்கலாம். ஃபோல்டிங்க மடிச்சு தூக்கினா பெடல் முழங்கால்ல இடிக்கும்.

மாலதி: லிஃப்ட் ஓடும்போது ஹைபிரிட் உள்ள நுழையுமா?

முருகு அண்ணன்: நீளம் 170, 180 செ.மீ. வரும். படுக்க வச்சா நுழையாது. பின் பிரேக்க அழுத்திப் பிடிச்சுக்கிட்டு முன் சக்கரத்த மேல தூக்கு, பின் சக்கரத்துல செங்குத்தா நிக்கும். ஒரு ஆளு நிக்கிற இடம் போதும். பிரேக்க விட்டா உருண்டு பக்கத்துல நிக்கிறவங்க கால்ல ஏறும், அத மட்டும் பாத்துக்க.

தேவி அக்கா: யாரு ஃபோல்டிங் வாங்கினாலும் ஒண்ணு கவனிங்க. 20 இஞ்சுன்னு எழுதியிருந்தாலும் அதுல ரெண்டு ரிம் இருக்கு. ஒண்ணு 406 மில்லிமீட்டர், இன்னொண்ணு 451. ஒண்ணோட டயர் மத்ததுல ஏறவே ஏறாது. டயர் பக்கவாட்டுல சின்ன எழுத்துல 40-406ன்னு மாதிரி இருக்கும். முதல் நம்பர் அகலம், ரெண்டாவது ரிம் விட்டம். நம்ம பக்கத்து சாதாரண கடைங்கள்ல 406 டயர் சுலபமா கெடைக்கும், 451க்கு அலையணும்.

சுந்தரம் மாமா: அது ஃபோல்டிங்ல மட்டும் இல்ல. 26 இஞ்சும் அப்படித்தான். மவுண்டன் பைக் 26 வந்து 559. பழைய கூடை வச்ச சைக்கிள், 26 × 1 3/8ன்னு போட்டிருக்கும், அது 590. பின்னத்துல எழுதியிருந்தா வேற, புள்ளி வச்சு எழுதியிருந்தா வேற. இஞ்சு நம்பர நம்பி டயர் வாங்காதீங்க.

பாலா: மாமா சூப்பர் 👏 அப்ப 700சி-யும் 29-உம்?

சுந்தரம் மாமா: ரெண்டும் 622. பேரு மட்டும் வேற.

மாலதி: தலை சுத்துது. மவுண்டன் பைக் ஏன் வேணாம்னு சொல்லுங்க.

முருகு அண்ணன்: வேணாம்னு இல்ல. துலுக் பஹாங் காட்டுப் பாதைக்குன்னா அதுதான். உன் ரோடு முழுக்க தார். 1,500 வெள்ளி மவுண்டன் பைக்ல முன்னால வர்ற சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன் சக்கரத்த பிடிக்கிற, அமுங்கி எழும்புற கவை) மட்டுமே 2 கிலோவுக்கு மேல. உள்ள வெறும் சுருள் கம்பிதான். நீ எழுந்து மிதிச்சா உன் பலத்துல கொஞ்சம் அத அமுக்கத்தான் போகும். நம்ம ஊரு மழையில ஃபோர்க் சீல் வழியா தண்ணி இறங்கி, கொஞ்ச வருசத்துல துரு பிடிச்சு இறுகிடும். அப்புறம் அது வெறும் பாரம். குண்டு டயர் வேற தார்ல “ர்ர்ர்”ருன்னு இழுக்கும்.

பாலா: அதத்தான் நானும் சொல்றேன், ரோட் பைக்!

முருகு அண்ணன்: 25, 28 மில்லிமீட்டர் டயரு. பெரும்பாலும் கேரியர் மாட்ட ஓட்டை இருக்காது, மட்கார்டுக்கு இடமும் இருக்காது. மழையில பின் சக்கரம் அடிக்கிற தண்ணி முதுகு நெடுக சேறா எழுதும், அந்தச் சட்டையோட ஷிஃப்டா? நீளவாக்குல கம்பி போட்ட வடிகால் மூடிங்க இன்னும் இருக்கு. 28 டயரு அதுல நேரா இறங்கும். குயின்ஸ்பே கடலோரப் பாதையில காலையில ஓட்டிட்டு வரவங்களுக்கு ரோட் பைக் தங்கம். மாலாவுக்கு இல்ல.

பாலா: 🙄 சரிண்ணே

முருகு அண்ணன்: உனக்கு வேண்டியது ஹைபிரிட். 700 × 38 டயர், முன்னால சஸ்பென்ஷன் இல்லாத நேரான ஃபோர்க். பின்னால கேரியருக்கு ஓட்டை ரெண்டு ஜோடி: அச்சு பக்கத்துல ஒண்ணு, சீட்டுக்குக் கீழ ஒண்ணு. கேரியர் மேலயே “25 கிலோ”ன்னு மாதிரி தாங்குற எடை அடிச்சிருக்கும். காய்கறிய பையில போட்டு பக்கத்துல தொங்கவிடு, மேல அடுக்கினா வளைவுல ஆடும்.

மாலதி: பாலிக் புலாவ் மலை ஏறுமா?

முருகு அண்ணன்: துன் சார்டன் ரோடு ஏத்தத்துக்கு கணக்கு இருக்கு. செயின் ஓடற முன் சக்கரத்து பல் எண்ணிக்கைய பின் சக்கரத்து பல்லால வகுத்து, டயர் சுத்தளவால பெருக்கு. ஒரு மிதிக்கு எத்தன மீட்டர் நகரும்னு வரும். ஹைபிரிட் 26 பல்லு முன்னால, 32 பின்னால: 1.8 மீட்டர். தேவியக்கா ஃபோல்டிங் மாதிரி 52க்கு 28ன்னா 2.8 மீட்டர். மவுண்டன் 22க்கு 36ன்னா 1.4. நம்பர் குறையக் குறைய கால் லேசு. 2 மீட்டருக்குக் கீழ இருந்தா மலையில இறங்கித் தள்ள வேண்டியதில்ல. பாலா ரோட் பைக் 34க்கு 32, 2.2க்கு மேல. அவன் தொடைக்கு ஓகே.

தேவி அக்கா: அதனாலதான் நான் மலைப் பக்கம் சொல்லல. சமதரை, ஃபெர்ரி, பட்டர்வொர்த்துன்னா ஃபோல்டிங்.

சுந்தரம் மாமா: பினாங்கு பாலத்துல சைக்கிள் விடமாட்டான். ஃபெர்ரிதான் வழி.

[இரவு 8:41]

மாலதி: பிரேக்? டிஸ்க்கா சாதாவா?

முருகு அண்ணன்: மழையில ஓட்டறவளுக்கு டிஸ்க். ரிம்ம பிடிக்கிற பிரேக்குல ரிம் நனைஞ்சிருந்தா முதல் சுத்துல தண்ணி வழிச்சு விடறதுக்கே நேரம் போயிடும். அதோட பிரேக் கட்டையில மணல் மாட்டி ரிம்ம அறுக்கும். டிஸ்க்குல ரெண்டு வகை. கேபிள் இழுக்கறது விலை கம்மி, ஆனா கட்டை தேயத் தேய நீயே திருகி முடுக்கணும். எண்ணெய்ல ஓடறது தானா நெருங்கிக்கும். 1,500க்குள்ள ஷிமானோ கம்பெனி எண்ணெய் பிரேக் வச்ச ஹைபிரிட் தேடினா கெடைக்கும், அதையே எடு.

பாலா: எண்ணெய் மாத்தும்போது கவனம் அக்கா. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். மோட்டோ கடையில டாட் (DOT) பிரேக் எண்ணெய் ஊத்திட்டா உள்ள ரப்பர் ஊதி பிரேக்கே போயிடும். இன்னொண்ணு, சக்கரத்த கழட்டி வச்சிருக்கும்போது லிவர அமுக்கவே கூடாது. கட்டை ரெண்டும் ஒட்டிக்கும், சக்கரம் திரும்ப உள்ள போகாது. அட்டைய மடிச்சு நடுவுல சொருகிடுங்க.

முருகு அண்ணன்: பாத்தியா, பாலாவும் பிரயோஜனமா பேசுவான். செயினுக்கு எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காத, டிஸ்க்குல ஒரு துளி தெறிச்சா கட்டைய தூக்கிப் போட வேண்டியதுதான். சொட்டு சொட்டா விடு, துணியால துடை.

சுந்தரம் மாமா: பின் பல்லப் பாக்கச் சொல்லு.

முருகு அண்ணன்: ஆமா மாமா. மாலா, 7 கியர் சைக்கிள்ல பெரும்பாலும் திருகு போட்ட ஃப்ரீவீல். அதுல பேரிங் உள்ள தள்ளி இருக்கும், அச்சோட வலது முனை தாங்கல் இல்லாம நீட்டிக்கிட்டு நிக்கும். பாரம் ஏத்தி குழியில விழுந்தா அச்சு வளையும், ஒடியும். காசெட் வகையில பேரிங் ஃப்ரேம் பக்கம் வந்திடும். கண்டுபிடிக்கிறது சுலபம்: பல்ல பின்னோக்கி சுத்து. நடுவுல ஸ்பேனர் மாட்டற வளையமும் பல்லோட சேந்து சுத்தினா காசெட். அது அசையாம நின்னா ஃப்ரீவீல். நீ காசெட் எடு.

மாலதி: சைஸ்?

முருகு அண்ணன்: செருப்பில்லாம சுவத்துல சாஞ்சு நில்லு. ஒரு நோட்டுப் புத்தகத்த ரெண்டு காலுக்கு நடுவுல சீட்டு மாதிரி மேல அழுத்து. புத்தகத்தோட மேல் விளிம்புலேர்ந்து தரை வரைக்கும் அள.

மாலதி: இருங்க

மாலதி: 72 செ.மீ.

முருகு அண்ணன்: 0.883ஆல பெருக்கினா 63.6. பெடல் கிராங்க் சுத்தற அச்சோட நடுவுலேர்ந்து சீட்டு மேல் வரைக்கும் அந்த அளவு. கடையில டேப் இல்லன்னா சீட்டுல உக்காந்து குதிகால பெடல்ல வை. பெடல் அடியில இருக்கும்போது முழங்கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்த வச்சு மிதிச்சா லேசா மடங்கும், அதுதான் சரி. இடுப்பு ரெண்டு பக்கமும் ஆடினா சீட்டு உசரம். ஃப்ரேம்ல கால் ரெண்டும் தரையில பட நின்னா மேல் பைப்புக்கும் உனக்கும் ரெண்டு மூணு விரல் இடைவெளி வேணும். உனக்கு எஸ் சைஸ், சில கம்பெனியில எக்ஸ்எஸ். கடையில எம்தான் மிச்சம் இருக்குன்னு சீட்ட இறக்கித் தருவாங்க. கைக்கு எட்டாம தோள் வலிக்கும், அது சீட்டால சரியாகாது.

தேவி அக்கா: காத்து?

முருகு அண்ணன்: 38 டயருக்கு பின்னால 50 பி.எஸ்.ஐ., முன்னால 45. வால்வு காடி வால்வா இருந்தா பெட்ரோல் ஸ்டேஷன்லயே அடிக்கலாம். மெல்லிசு வால்வுன்னா சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு வாங்கி சாவிக்கொத்துல மாட்டிக்க.

[ஞாயிறு, காலை 11:32]

மாலதி: கடைக்கு வந்துட்டேன் அண்ணே. எஸ் சைஸ், 40-622, எண்ணெய் பிரேக், 8 கியர் காசெட், 1,390 வெள்ளி. சுத்திப் பாத்தேன், வளையம் சேந்து சுத்துது. போட்டோ 👇

📷 புகைப்படம்

முருகு அண்ணன்: பணம் குடுத்துட்டியா?

மாலதி: இன்னும் இல்ல. ஏன்?

முருகு அண்ணன்: முன் பிரேக் பிடிக்கிற காலிப்பர் எந்தப் பக்கம் இருக்கு? சீட்டுல உக்காந்த மாதிரி நின்னு பாரு.

மாலதி: வலது பக்கம். ஃபோர்க்குக்கு முன்னாடி.

பாலா: 😳😳

முருகு அண்ணன்: ஃபோர்க்க திருப்பிப் போட்டிருக்காங்க. காலிப்பர் இடது காலுக்குப் பின்னால வரணும். பெட்டியிலேர்ந்து எடுத்து அவசரமா மாட்டினா இப்படித்தான். முன் சக்கரம் கிராங்குக்கு நெருங்கி வந்திருக்கும், திரும்பும்போது ஷூ மூக்கு டயர்ல இடிக்கும். 

மாலதி: ஆமா இடிக்குது!! என்ன சொல்லட்டும்?

முருகு அண்ணன்: மரியாதையாவே சொல்லு, 10 நிமிச வேலை. ஸ்டெம் (ஹேண்டல பிடிக்கிற துண்டு) பக்கத்து ரெண்டு போல்ட்டையும் மேல் மூடி போல்ட்டையும் தளத்தணும். ஃபோர்க்க சக்கரத்தோட சேத்து திருப்பணும், பிரேக் ஓஸ் முறுக்கிக்காமப் பாக்கணும். அப்புறம் மேல் மூடிய ஆட்டம் இல்லாமப் போற அளவுக்கு மட்டும் முடுக்கணும். கடைசியாத்தான் பக்கத்து போல்ட்டு, ஒண்ணுக்கொண்ணு மாத்தி மாத்தி, 5 நியூட்டன் மீட்டர். முடிஞ்சதும் முன் பிரேக்க பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டு. “டக்”குன்னு சத்தம் வந்தா திரும்பப் பண்ணச் சொல்லு.

[மதியம் 12:04]

மாலதி: திருப்பிட்டாங்க. சத்தம் இல்ல. மட்கார்டு, கேரியர் மாட்டிக்கிட்டு இருக்காங்க.

சுந்தரம் மாமா: பி பிளாக் லிஃப்ட் ஓடுது. சீக்கிரம் வா.