ரப்பர் தேன் முடிந்ததும் பெட்டி காலியாகிறது, மழைக்காலத்துக்கு என்ன செடி வைக்கலாம்?

விளைக்காரன்:
வணக்கம். எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம் ஊர். முக்கால் ஏக்கர் ரப்பர் விளை (தோட்டம்), வீட்டைச் சுற்றி ஏழு தென்னை, ஒரு முருங்கை, ஒரு புளி. மூன்று வருடமாக இரண்டு தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு குறையும் இல்லை. இந்த வருடம் ஒரு பெட்டியில் மட்டும் எட்டு கிலோ எடுத்தேன். ஆனால் ஜூனில் மழை பிடித்ததும் கூட்டம் மெலிந்துவிடுகிறது. போன ஆகஸ்டில் ஒரு நாள் காலையில் மூடியைத் திறந்தால் பெட்டி காலி. வெறும் தேனடை மட்டும் தொங்கியது, அதிலும் அந்துப்பூச்சி புகுந்திருந்தது. இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவே மனசு வரவில்லை. சர்க்கரைப் பாகு தவறாமல் கொடுத்துத்தான் வந்தேன். நர்சரியில் ரோஜாவும் செம்பருத்தியும் வைக்கச் சொல்கிறார்கள். சரியாக வருமா?

குலசேகரம் தேன்பெட்டி:
தம்பி, அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். அடுக்கு ரோஜாவில் இதழ்தான் நிறைய, மகரந்தம் சொற்பம். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும், நம் பெட்டிக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. முதலில் ஒன்று சொல்லுங்கள். ரப்பருக்கு அடியில் களைக்கொல்லி அடிக்கிறீர்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மரம் இலை உதிர்த்துத் தளிர் விடுகிறதே, செம்பு நிறம் மாறிப் பச்சை பிடிக்கிற அந்த நேரத்தில் ஒரு தாழ்ந்த கிளையை வளைத்துப் பாருங்கள். ஒடிக்க வேண்டாம், பால் வடிந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். மூன்று இலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் கடுகு போலச் சின்னப் புடைப்புகள் தெரியும். காலையில் அதில் பளபளவென்று நீர் நிற்கும், விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனில் பெரும்பங்கு அந்த நீர்தான்.

அதில் இனிப்பு உண்டு, மகரந்தம் கிடையாது. நீங்கள் கொடுத்த சர்க்கரைப் பாகும் அப்படித்தான். வளர்ந்த தேனீ இனிப்பைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், குஞ்சுப் புழு வளர மகரந்தம் வேண்டும். அது வராவிட்டால் ராணி முட்டை வைப்பதைக் குறைத்துவிடும். கிழட்டுத் தேனீக்கள் செத்துக் குறையும், அந்த இடத்துக்குப் புதுசு வராது. கூட்டம் சிறுத்தால் அடையைக் காவல் காக்க ஆள் இருக்காது, அந்துப்பூச்சி ஏறும். கடைசியில் மிச்சம் இருப்பதும் கிளம்பிவிடும். உங்கள் பெட்டியில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

நம் ஊரில் மழை மாதங்களில் மகரந்தத்துக்குப் பெரிய துணை தென்னம்பாளை. அது வருடம் முழுக்க மாறி மாறி வெடிக்கும், ஆனால் ஏழு மரம் இரண்டு பெட்டிக்குப் போதாது. அதற்கு அடுத்தது ரப்பர் மூட்டில், அதாவது மரத்தடியில், தானாக முளைக்கிற தொட்டாற்சுருங்கி. அந்த ரோஸ் நிற உருண்டைப் பூ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். மழை விட்ட காலையில் எட்டு மணிக்குப் போய் நின்றால் தரை முழுக்க இரைச்சல் கேட்கும். மருந்து அடித்து அதை அழித்துவிட்டுத் தேனீ தங்கவில்லையே என்றால் அது எங்கே போகும்?

என் அப்பாவிடம் நாற்பது பெட்டி இருந்தது. 1991-92ல் சாக்புரூட் நோய் வந்தபோது நாலுதான் மிஞ்சியது. அறைக்குள் புழு தலையைத் தூக்கியபடி, தண்ணீர்ப் பை மாதிரிச் செத்துக் கிடக்கும். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அந்த அடைகளைக் குழி வெட்டிப் போட்டது நான்தான். அந்த நாலும் எங்கள் தோடு (ஓடை) ஓரம் புதர் மண்டிக் கிடந்த பக்கம் இருந்தவை. அதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அன்றையிலிருந்து எங்கள் விளையில் அடிக்காட்டில் கை வைத்ததில்லை.

பெட்டி முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போகிற தேனீயின் பின்னங்காலைக் கவனியுங்கள். வெளிர் மஞ்சள் மகரந்த உருண்டை பெரும்பாலும் தென்னை. முற்றத்தில் பத்துமணிப்பூ வைத்தால் ஆரஞ்சு நிறத்தில் கொண்டு வரும். பத்துக்கு ஒன்றுகூடச் சுமை இல்லாமல் போனால் பஞ்சம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஆட்கள் இல்லாத அடையை உடனே எடுத்துவிடுங்கள், வாரம் ஒரு தடவை அடிப்பலகையைத் துடையுங்கள்.

செடி வைத்தே ஆக வேண்டும் என்றால் வேலியில் கொடிரோஸ் (ரோஜா இல்லை, ரோஸ் நிறத்தில் கொத்தாகப் பூக்கிற கொடி) ஏற்றுங்கள், கிணற்றடியில் பூசணி போடுங்கள். இரண்டும் நீண்ட நாள் பூக்கும்.

பால்வெட்டு:
அண்ணன் சொல்வது சரிதான். ஆனால் இருட்டோடு பால் வெட்டப் போகிற எங்கள் காலையும் நினையுங்கள், தொட்டாற்சுருங்கி முள் கிழித்துவிடும். எங்கள் முதலாளி விளையில் மரத்து மூட்டையும் நடக்கிற தடத்தையும் மட்டும் வெட்டுகத்தியால் செதுக்கிவிடுவோம், இரண்டு வரிசைக்கு நடுவே அப்படியே விடுவோம். எங்களுக்கும் கஷ்டம் இல்லை, தேனீக்கும் கிடைக்கும்.

தக்கலை அக்கா:
நான் சிறுதேனீ வைத்திருக்கிறேன், மண் கலயத்தில் நாலு கூடு. துளசிக்கும் தும்பைக்கும் நன்றாக வரும். உங்கள் புளிய மரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள் தம்பி. ரப்பர் தளிர் முற்றின பிறகு மே, ஜூனில் அது பூக்கும், மழைக்கு முன்னால் பெட்டி தேறிக்கொள்ள நல்ல உதவி.

விளைக்காரன்:
குலசேகரம் அண்ணே, ஆமாம், இரண்டு வருடமாக மே கடைசியில் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த வருடத்துக்கும் ஒரு கேன் வாங்கி வைத்திருந்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். பால் வெட்டுகிறவரிடம் பேசித் தடம் மட்டும் செதுக்கியாயிற்று.

இன்று காலை மழை விட்டதும் போனேன். என் கால் பட்ட இடத்திலெல்லாம் இலைகள் மூடிக்கொண்டன, பூ மட்டும் நிமிர்ந்து நின்றது. முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு தேனீ அந்த உருண்டையைக் கட்டிப்பிடித்துச் சுற்றிச் சுற்றி வருகிறது, பூ அதன் பாரத்தில் ஆடுகிறது. ஒரு பூவில் ஐந்தாறு விநாடிக்கு மேல் நிற்கவில்லை. பதினொன்று வரை எண்ணினேன், அப்புறம் எண்ண முடியவில்லை.