பாஷ் 5.2 வந்ததும் ரசீதில் '&' காணாமல் போனது: பழைய பதிப்பிலேயே நின்றுவிட்டால் என்ன?

கோத்தகிரிக் கணக்கர்:
எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் பச்சை இலை ரசீது அடிப்பது ஒரு பாஷ் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு; அதைப் படித்து ஓட்டும் 'ஷெல்' நிரல்தான் பாஷ். சிறு விவசாயிகள் மூட்டையை இறக்கி எடை போட்டதும், ரசீது மாதிரியில் @பெயர்@, @எடை@ என்று இருக்கும் இடங்களில் உரிய விவரம் போய் உட்காரும். சென்ற வாரம் சர்வரை மேம்படுத்தினார்கள், பாஷ் 5.1 போய் 5.2 வந்தது. மறுநாள், தகப்பன் பெயரும் மகன் பெயரும் நடுவில் '&' போட்டு எழுதிய கூட்டுக் கணக்குகளில் எல்லாம், '&' இருந்த இடத்தில் '@பெயர்@' என்று அச்சாகியிருந்தது. ஸ்கிரிப்டை யாரும் தொடவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. இலை அன்றே வாட்டும் தொட்டிக்குப் போயாக வேண்டும். வரிசையில் நிற்பவரிடம் ஷெல்லின் பதிப்பு எண்ணையா விளக்கிக்கொண்டிருப்பது? பழைய நகலை மீட்டு 5.1-க்கே திரும்பிவிட்டேன். இனி அதை அசைப்பதாக இல்லை. ஓடுகிற ஸ்கிரிப்டுக்கு ஷெல்லை ஏன் மாற்ற வேண்டும்?

குன்னூர்ப் பல்சக்கரம்:
காரணம் தெரிந்ததுதான், ஐயா. 2022 செப்டம்பரில் வந்த 5.2-இல் 'பாட்சப் ரீப்ளேஸ்மென்ட்' என்ற தேர்வு புதிதாகச் சேர்ந்தது. ஒரு சொல்லை மாற்றும்போது புதிய சொல்லில் '&' இருந்தால், மாற்றப்பட்ட பழைய சொல்லை அந்த இடத்தில் போடும். உரையைத் திருத்தும் 'செட்' (sed) கருவியில் வெகுகாலமாக உள்ள வழக்கம்தான். ஷெல்லுக்குள் இப்போது வந்திருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்ட் @பெயர்@ என்பதைத் தேடியது, '&' அதையே திரும்பத் தந்தது. தேர்வுகளை இயக்கி அணைக்கும் 'ஷாப்ட்' (shopt) கட்டளையால் அந்தத் தேர்வை ஸ்கிரிப்டின் தலையில் அணைத்துவிடுங்கள். அல்லது மாற்றுச் சொல்லைத் தாங்கி வரும் மாறியை (மதிப்பை வைத்திருக்கும் பெயரை) இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்; அப்போது '&' வெறும் '&' தான். ஒரு வரி வேலைக்காகச் சர்வரையே பின்னுக்கு இழுப்பானேன்?

கோத்தகிரிக் கணக்கர்:
ஒரு வரி என்பது காரணம் தெரிந்த பிறகு. புதிய வசதியைச் சேர்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தானாகவே இயங்கும்படி ஏன் விட்டார்கள்? வேண்டியவர் இயக்கிக்கொள்ளட்டும் என்று அணைத்து வைத்திருந்தால் யார் குடி முழுகியிருக்கும்?

குன்னூர்ப் பல்சக்கரம்:
வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

கோத்தகிரிக் கணக்கர்:
குறிப்பைப் படித்துவிட்டா இங்கே இலை எடை போடுகிறார்கள்?

பூம்பாறைப் பூண்டு:
நான் கணக்கர் ஐயா பக்கம். மேக் கணினியைப் பாருங்கள். 2009-இல் வந்த பாஷ் 4.0 முதல் அதன் மென்பொருள் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு ஆனதால், ஆப்பிள் 3.2-லேயே நின்றுவிட்டது. 2019-இல் இயல்பான ஷெல்லை இசட்-ஷெல்லுக்கு மாற்றியபோதும் பாஷ் 3.2 அப்படியே கூடவே இருந்தது. கொடைக்கானலில் பூண்டு வியாபாரக் கணக்கை அதில்தான் ஓட்டுகிறேன். வானம் இடிந்து விழவில்லை.

இன்னொன்று. பல்சக்கரம் சொன்ன மேற்கோள் வைத்தியத்தை என் மேக்கில் செய்து பார்த்தேன். பெயரைச் சுற்றி மேற்கோள் குறிகளும் சேர்ந்தே அச்சாகின்றன! ஒரு பதிப்புக்கு மருந்து, இன்னொன்றுக்கு நஞ்சு. பதிப்புகளுக்கிடையே பொருத்தம் என்பது இதுதானா?

குன்னூர்ப் பல்சக்கரம்:
அதுவும் பதிவான வேறுபாடுதான், தம்பி. சொல்லை மாற்றும் தொடர் முழுவதும் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும்போது, உள்ளே மாற்றுச் சொல்லைச் சுற்றியிருக்கும் மேற்கோளை 4.2 வரையிலான பதிப்புகள் நீக்குவதில்லை, 4.3 முதல் நீக்குகின்றன. மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் வரியில் வெளி மேற்கோளே தேவையில்லை. வெளியே இருப்பதை எடுத்துவிட்டு உள்ளே மட்டும் வையுங்கள். தேர்வை அணைக்கும் வழியில் போனால், பழைய பாஷ் அந்தப் பெயரையே அறியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பிழை வந்தால் நிறுத்து என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் அங்கேயே நின்றுவிடும். தோற்றாலும் தொடர்ந்து போகும்படி அந்த வரியை எழுத வேண்டும்.

பூம்பாறைப் பூண்டு:
பார்த்தீர்களா, ஒரு வரி இப்போது மூன்று எச்சரிக்கை ஆகிவிட்டது.

கூடலூர் அடைமழை:
ஆப்பிள் உறைந்து நின்றதாகச் சொல்வது பாதிக் கதை. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் ஓட்டை வெளிவந்ததும் அந்த 3.2-க்கும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். 1989 முதல் ஷெல்லுக்குள் கிடந்த ஓட்டை அது. நிரல்களுக்குப் போகும் சூழல் மாறி வழியாக ஒரு செயற்கூறை (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பை) அனுப்பி, அதன் வாலில் எந்தக் கட்டளையை ஒட்டினாலும் பாஷ் ஓட்டிவிடும். அதை அடைத்தபோது, ஏற்றுமதி செய்யும் செயற்கூறுகளின் பெயர் வடிவத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. திருத்தம் பெற்ற பாஷ் அனுப்பிய செயற்கூறைத் திருத்தாத பாஷ் அடையாளம் காணவில்லை. பொருத்தம் முறிந்ததுதான். முறியாமல் இருந்திருந்தால் யாருக்கு லாபம்?

கோத்தகிரிக் கணக்கர்:
எங்கள் சர்வர் இணையத்தில் இல்லை, அக்கா. எடை மேடை, பிரிண்டர், இரண்டு கணினி, அவ்வளவுதான்.

கூடலூர் அடைமழை:
ஷெல்ஷாக் வலைத்தளங்கள் வழியாக மட்டும் நுழையவில்லை. கணினிக்கு ஐபி முகவரி தரும் டிஎச்சிபி வழியாகவும் நுழைய முடிந்தது. உள் வலையில் யாராவது ஒரு பெட்டியைச் செருகினால் போதும். அலுவலக வைஃபையில் லாரி டிரைவர் முதல் விருந்தாளி வரை எல்லாரும் இருப்பதை நம் ஊரில் நான் பார்த்திருக்கிறேன்.

எமரால்டு டேஷ்:
எல்லாவற்றையும் டேஷ் என்ற எளிய ஷெல்லுக்கு மாற்றி எழுதுங்கள். 2006-இலேயே லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு 6.10 தன் இயல்பான 'எஸ்எச்' ஷெல்லை டேஷ் ஆக்கியது. இன்னொரு லினக்ஸான டெபியன் 2011-இல் பின்தொடர்ந்தது. இந்தச் சொல் மாற்று வசதியே அதில் இல்லை, ஆகவே சண்டையும் இல்லை.

குன்னூர்ப் பல்சக்கரம்:
பல மதிப்புகளை ஒரே பெயரில் வரிசையாக வைக்கும் அணி வசதியும் அதில் இல்லை. விவசாயிப் பட்டியலை எதில் வைப்பார்?

பூம்பாறைப் பூண்டு:
'பாஷ் காம்பாட்' என்றொரு மாறி இருக்கிறதே? பழைய பதிப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய மாதிரி நடந்துகொள்ளும் என்கிறார்கள்.

குன்னூர்ப் பல்சக்கரம்:
4.3-இல் வந்தது. கையேட்டில் பட்டியலிட்ட மாற்றங்களை மட்டும் திருப்பும், எல்லாவற்றையும் அல்ல. ஸ்கிரிப்டைத் திருத்தும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை நம்பிக் காலம் தள்ள முடியாது. எதிர்பாராத வசதி தானாக இயங்கியது தவறு என்று கணக்கர் ஐயா சொல்வதை நான் முழுதும் மறுக்கவில்லை. நானாக இருந்தால் அணைத்தே வெளியிட்டிருப்பேன். அதற்காக 5.1-லேயே குடியிருப்பது தீர்வாகாது. உபுண்டு 22.04-இல் இருப்பது 5.1, அதன் வழக்கமான ஆதரவு 2027 ஏப்ரலோடு முடிகிறது. இன்று தாண்ட வேண்டியது ஒரு பதிப்பு, அன்றைக்கு எத்தனையோ. போன மாத எடைக் கோப்பை எடுத்து, 5.1-இலும் 5.2-இலும் தனித்தனியாக ஓட்டி, வரும் ரசீதுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபடும் வரிகள் மட்டுமே உங்கள் பிரச்சினை. ஒரு மாலை நேர வேலை.

கோத்தகிரிக் கணக்கர்:
ஒப்பிட்டுப் பார்க்கிறேன், அதில் சிக்கல் இல்லை. ஆனால் இலை குவிகிற பருவத்தில் உண்மையான சர்வரில் கை வைக்க மாட்டேன். ஏதாவது நின்றால் கோயம்புத்தூரிலிருந்து ஆள் மலை ஏறி வர வேண்டும். அன்று பார்த்துச் சாலையில் மரம் விழுந்து கிடக்கும். அதுவரை பாஷ் தொகுப்பு புதுப்பிக்கப்படாதபடி 'ஹோல்டு' போட்டுப் பூட்டி வைப்பேன்.

கூடலூர் அடைமழை:
ஹோல்டு போட்டால் 5.1-க்கே வருகிற பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நின்றுவிடும். 22.04-இலேயே இருந்தால் 5.2 தானாக வந்து ஏறாது. ஹோல்டுக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த வெளியீட்டுக்கு மாறும் அறிவிப்பை மட்டும் நிறுத்துங்கள்.

கோத்தகிரிக் கணக்கர்:
சரி, ஹோல்டு வேண்டாம். 5.2 வேண்டும் என்று இன்னும் யாரும் என்னை நம்ப வைக்கவில்லை.