ஸ்விஃப்டுக்கு வீல் ஸ்பேசர்: 5 மி.மீ.யா, 20 மி.மீ.யா?

கம்பம்கார்: வணக்கம் அண்ணே. ஸ்விஃப்டுக்கு வாங்கின அலாய் வீல் 4×100 பிசிடி (100 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட் துளை), ஆஃப்செட் 45 (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் வெளியே தள்ளியிருக்கும் மி.மீ.; எண் குறைஞ்சால் வீல் வெளியே வரும்), நடுத்துளை 73.1. உள்பக்கம் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (சஸ்பென்ஷன் தண்டு) 2 மி.மீ.தான் இடைவெளி. அதான் ஹப்புக்கும் (வீல் மாட்டுற நடுப்பகுதி) வீலுக்கும் நடுவில் வைச்சு வீலை வெளியே தள்ளுற ஸ்பேசர் தேடுறேன். கடையில் எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு 5 மி.மீ. தகடு, போல்ட் வைத்த 20 மி.மீ. ரெண்டும் காட்டுறாங்க. தினம் குமுளி மலைப்பாதையில் லோடோட ஏறி இறங்கணும். எதை நம்பலாம்?

மரைக்கணக்கு: பல துளை போட்ட அந்தத் தகடு வேண்டவே வேண்டாம் தம்பி. அது ஹப்பில் உட்காராது, ஸ்டட்டில் (ஹப்பிலிருந்து நீட்டியிருக்கும் மரை போல்ட்) தொங்கும். ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ.; ஸ்பேசரின் உள்துளை அதே அளவு இருக்கணும், வெளிப்பக்க உதடு (நீட்டின விளிம்பு) அலாயின் 73.1-க்குப் பொருந்தணும். மெல்லிய தகட்டில் உதடு கடைய இடமே கிடையாது. வீல் நடுவில் உட்காராட்டி 80 வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். பிளாஸ்டிக் வளையம் போட்டுச் சரிக்கட்டுவாங்க. மலை இறக்கத்தில் பிரேக் சூட்டுக்கு அது இளகிடும், அலுமினியமே வாங்கு.

அதைவிட முக்கியம் மரை. ஸ்டட் எம்12×1.25, அதாவது 12 மி.மீ. தடிமன், ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நட்டு குறைஞ்சது 12 மி.மீ. மரையைப் பிடிக்கணும், அதாவது ஏறக்குறைய 10 சுற்று. இப்பவே கையால் சுற்றி எண்ணிப் பாரு.

ஹப்_பேரிங்: 20 மி.மீ. போட்டால் ஆஃப்செட் 25 ஆயிடும். உனக்குத் தேவை நாலஞ்சு மி.மீ.தான், மீதி முழுக்க பேரிங்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் வீண் பாரம். லோடில் திருப்பும்போது டயர் ஃபெண்டரில் உரசும். பழைய ஸ்டட் ஸ்பேசரைத் தாண்டி நீட்டினால், அலாயின் பின்முகத்தில் குழி இருக்கணும். இல்லாட்டி வீல் முட்டி நிற்கும், நட்டு இறுகின மாதிரி ஏமாத்தும். போடுறதா இருந்தால் 6061-டி6 அலுமினியத்தில் ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கினது) மட்டும், வார்ப்பு வேண்டாம். ஹப் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ச்சு எடு, ஸ்டட்டில் கிரீஸ் தடவாதே, மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவு) குறுக்குக் குறுக்காக இறுக்கு. 50–100 கி.மீ. கழிச்சு வீலைக் கழற்றி, ஸ்பேசரை ஹப்பில் பிடிக்கும் உள் நட்டுகளையும் சரிபார். ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு ஸ்பேசர் எப்பவும் கூடாது.

எல்லைச்சாவடி: குமுளி ஊரே கேரளாவில்தான் இருக்கு, அங்கே மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டிகளில் கறார். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லாட்டி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும்.

கம்பம்கார்: எண்ணினேன் அண்ணே. ஸ்பேசர் இல்லாமல் 11 சுற்று.

மரைக்கணக்கு: 5 மி.மீ. நாலு சுற்றைத் தின்னும், மிச்சம் 7. 3 மி.மீ. போட்டாலும் 8½தான். நீள ஸ்டட் மாற்றலாம்; ஆனால் பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றணும், சுத்தியலால் அடிச்சால் பேரிங் போயிடும். அலாயைத் திருப்பிக் கொடுத்து அதே அளவில் ஆஃப்செட் 40 கேளு, ஸ்பேசரே வேண்டியதில்லை.